மேசை மேல் வைத்த போன்கள்

"எல்லாரும் போனை எடுத்து இந்த மேசை மேல வைங்க" என்கிறாள் மகள். இது அம்மா வேலை பார்க்கும் இடம்; இங்கே யாரிடமும் எதையும் கேட்கவே கூடாது என்று அவள் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். சலவைக்கூடத்தின் வெள்ளை ஆவிக்குள் பெண்கள் சிரிக்கிறார்கள். "ஏன்க்கா, உன் மக போலீசுக்கா படிச்சா?" ஷிப்டு மாறியது தெரியாமல் வந்து திரும்பிப்போகும் இவர்களுக்காகத்தான் மகள் ஷிப்டு நேரம் சொல்லும் செயலி எழுதுகிறாள். ஆனால் அதை ஐபோனுக்கு எழுதச் சொல்கிறார், ஐபோன் வைத்திருக்கும் சலவைக்கூட முதலாளி. மேசைக்கு வருபவை எல்லாம் பழைய ஆண்ட்ராய்டு. ஒன்றில் விரிசல், ஒன்றுக்கு ரப்பர் பேண்டு. அம்மா மட்டும் தன்னுடையதை முதுகுக்குப் பின்னால் ஒளிக்கிறாள். "குடும்மா." "மானத்தை வாங்காதடி." மகள் அதைப் பிடுங்கி, சோப்பு நுரையைத் தன் சட்டைக் கையாலேயே துடைத்து, அம்மாவின் ஈரக் கையில் திரும்ப வைக்கிறாள். "முதல்ல இதுல ஓடணும். ஐபோனை அப்புறம் பாத்துக்கலாம்." "முதலாளி ஒத்துக்குவாராடி?" "நான் கேக்கப் போகலம்மா, சொல்லப் போறேன்." ஆவியை விலக்கிக்கொண்டு வெளியேறுகிறாள்.