தாங்க முடியாத பிளேடு

"இந்தக் கடையில பிளேடு தாங்க முடியலக்கா."

சலூன் வாசலில் நின்று வாத்தியார் போனில் சொன்னது, உள்ளே துண்டை உதறிக்கொண்டிருந்த சலூன்காரர் காதில் தெளிவாக விழுந்தது. அவர் வெளியே வருவதற்குள், வாத்தியார் தன் அப்பாவைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு தெருமுனை திரும்பிவிட்டார்.

சலூன்காரருக்கு முகம் சிவந்தது. முப்பத்திரண்டு வருஷத் தொழில். ஒருவருக்குப் போட்ட பிளேடை இன்னொருவர் கன்னத்தில் வைத்ததில்லை. அதிலும் வாத்தியாரின் அப்பா வாரத்துக்கு மூன்று நாள் ஷேவிங்குக்கு வருகிறவர். வாயே திறக்காத பெரியவர். சலூன்காரர்தான் மச்சான் வீடு கட்டிய கதை, அதில் தன்னை ஏமாற்றிய கதை எல்லாம் சொல்லிக்கொண்டே வேலையை முடிப்பார்.

அன்றே பிளேடு கம்பெனியை மாற்றினார். அடுத்த தடவை, பிரிக்காத உறையை வாத்தியார் மூக்குக்கு நேரே நீட்டி, "புதுசு சார். நல்லாப் பாத்துக்குங்க" என்றார். வாத்தியார் ஒன்றும் புரியாமல் தலையாட்டினார்.

போகும்போது மறுபடி போன். "இன்னிக்கும் செம பிளேடுக்கா." சிரிப்பு வேறு.

சலூன்காரருக்குத் தலை சுற்றியது. பக்கத்து மருந்துக் கடைக்காரரைக் கேட்டார். அவர் குரலைத் தாழ்த்தினார். பிளேடு போடுகிறவன் என்றால் பஸ்ஸில் பையை அறுக்கிறவனாம். வாத்தியாருக்கு ஏதாவது காணாமல் போச்சா என்று வேறு கேட்டு வைத்தார்.

எதிர்க்கடை தையல்காரர் அதெல்லாம் இல்லை என்றார். ஆள் ரொம்ப ஷார்ப் என்று பாராட்டியிருப்பாராம்.

திருடனா, கெட்டிக்காரனா? இந்தக் குழப்பத்தில் அன்று ஒருவருக்கு ஒரு பக்க மீசை கூடுதலாகப் போய்விட்டது.

வீட்டில் மகளிடம் கேட்டார். அவள் சிரித்து முடிக்கவே நேரம் பிடித்தது.

"பிளேடுன்னா கழுத்தறுக்கிறதுப்பா."

"கழுத்தையா? இதுவரைக்கும் ஒருத்தர் மேல ஒரு கீறல் விழுந்ததில்ல."

"கத்தியால இல்லப்பா. வாயால. பேசிப் பேசியே."

"யாரு, நானா?"

மகள் அம்மாவைப் பார்த்தாள். அவர் மனைவி பக்கம் திரும்பினார். அவள் டிவி சத்தத்தைக் கூட்டினாள்.

சரி. பேசினால்தானே பிளேடு? இனி அந்த அப்பனும் மகனும் என் வாயிலிருந்து ஒரு சொல் கேட்டுவிடட்டும் பார்க்கலாம் என்று முடிவு கட்டினார்.

அடுத்த மூன்று தடவையும் கடையில் சவரக்கத்தி மட்டும்தான் பேசியது. பெரியவர் கண்ணாடிக்குள் இருந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பாரு, நல்லாப் பாரு, எல்லாம் உன் பிள்ளை கேட்டு வாங்கினதுதான் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டார் சலூன்காரர்.

நான்காம் தடவை வாத்தியார் தனியாக வந்தார்.

பேசவே கூடாது என்று இருந்தவருக்கு நாக்கு நிற்கவில்லை. "அப்பா வரலையா சார்?"

வாத்தியார் பெஞ்சில் உட்கார்ந்தார். அப்பாவுக்கு வாரம் மூன்று தடவை எடுக்கிற அளவுக்குத் தாடி வளருவதே இல்லை என்றார். அம்மா போய் எட்டு மாதம். அன்றிலிருந்து அவர் ஒரு வார்த்தை பேசவில்லையாம். பக்கத்தில் யாராவது ஓயாமல் பேசிக்கொண்டே இருந்தால் நல்லது என்று டாக்டர் சொன்னாராம்.

"எனக்கு அவ்வளவு பேச வராதுண்ணே. உங்கள மாதிரி பிளேடு போட இந்த வட்டாரத்துலயே ஆள் கிடையாது. அதான் இங்க கூட்டிட்டு வந்தேன்."

இது திட்டா பாராட்டா என்று சலூன்காரருக்கு மறுபடியும் விளங்கவில்லை. சீப்பை எடுத்துத் துடைத்தார்.

"இன்னிக்குக் காலையில அப்பா வாயத் திறந்துட்டாருண்ணே."

சீப்பு நின்றது. "என்ன சொன்னாரு?"

"'சலூன்காரருக்கு மனசுல ஏதோ கஷ்டம் போலிருக்கு, போய் விசாரிச்சிட்டு வாடா'ன்னாரு."