மூடிக்கொண்ட பக்கம்

சிதம்பரத்தில் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்த லூர்துசாமி மேல் ஒரு வழக்கு இருந்தது, கண்ணுகளா. விற்கிற ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் ஆகாத படங்களைத் தடுக்கும் ஃபில்டர் கட்டாயம் வேண்டும் என்று ஒரு சங்கம் கடலூர் கோர்ட்டில் கேட்டிருந்தது.

"எத மறைக்கணும்னு அவுங்கவுங்க வூட்ல முடிவு பண்ணட்டும். கடக்காரன் யாரு அதுக்கு?" என்பது அவர் கட்சி.

வக்கீல் செம்பியன் அவர் மனைவியின் தம்பி. "மொதல்ல நம்ம மிஷின்ல போட்டுப் பாருங்க மாமா. உங்க கல்யாண போட்டோவையே ஆபாசம்னு தடுத்தாலும் தடுக்கும்" என்று சிரித்தான்.

போட்டார்கள். அவர் வழக்கமாகப் பார்க்கும் இணையப் பக்கங்களில் அது ஒரே ஒன்றைத்தான் மூடியது. சுனாமியில் இறந்து அடையாளம் தெரியாமல் கிடந்தவர்களின் படங்கள் உள்ள பக்கம். சுனாமி அன்றைக்குக் கடலோர ஊரான கிள்ளைக்குப் போன மகள் இளமதி திரும்பவில்லை. ஏழு வருஷமாகக் காலையில் கடை திறந்ததும் அவர் அதைத்தான் பார்ப்பார். அதில் புதிதாகச் சேரும் படங்களிலும் அவள் முகம் இல்லாதவரை எங்கேயோ உயிரோடு இருக்கிறாள் என்று ஒரு நம்பிக்கை.

"ஆபாசமே இல்லாதத தடுக்குதே, இது போதும் மாமா, கேஸ் நம்ம பக்கம்" என்ற செம்பியன், ஃபில்டரைத் தன் கையாலேயே நீக்கினான். பக்கம் அப்போதும் திறக்கவில்லை. தடுக்கப்பட்டது என்று ஃபில்டர் காட்டிய இங்கிலீஷ் அறிவிப்பு இருந்த இடத்தில் தமிழில் ஒரு வரி வந்தது.

"அப்பா, இன்னைக்கு பாக்க வேணாம்."

செம்பியன் பிளக்கைப் பிடுங்கினான். வரி அப்படியே நின்றது.

"ஃபில்டர் இருக்கட்டும்னு கோர்ட்ல சொல்லிடு மச்சான்" என்றார் லூர்துசாமி. பிறகு திரையைப் பார்த்து, "சரிம்மா" என்றார்.

அதன் பிறகுதான் திரை அணைந்தது.