இரட்டைக் கோடு

'சொந்தத்தில் திருமணமா?' என்ற கேள்விக்கு நெல்லையப்பன் படிவத்தில் 'இல்லை' என்று எழுதியிருந்தான். மாதாமாதம் ரத்தம் ஏற்றிக்கொள்ளும் இரண்டு வயது மகள் அவன் மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

"உங்களுக்கும் உங்க மனைவிக்கும் ஒரே மரபணுவுல, ஒரே இடத்துல குறை இருக்கு. நிஜமாவே சொந்தம் இல்லையா?" என்று கேட்டார் டாக்டர்.

"அத்தை மகதான் மேடம். எங்க கல்யாணப் பந்தியில சண்டை. எட்டு வருசமா அந்த வீட்டோட பேச்சுவார்த்தை கிடையாது. அதான் இல்லைன்னு எழுதினேன்."

டாக்டர் சிரிக்கவில்லை. தாளில் அவனுக்கு ஒரு சதுரமும் மனைவிக்கு ஒரு வட்டமும் வரைந்தார். சொந்தத்தில் கட்டியவர்களுக்குப் போடும் இரட்டைக் கோட்டால் இரண்டையும் சேர்த்து, வட்டத்தைத் தொட்டுக் காட்டினார். "இவங்க கூடப் பிறந்தவங்க இருக்காங்களா? அவங்களும் டெஸ்ட் பண்ணணும்."

மனைவி ஆவுடைத்தாய் மெல்லச் சொன்னாள்: "என் தம்பிக்கு அடுத்த மாசம் கல்யாணம். பொண்ணு எங்க சின்ன மாமா மக. நமக்குப் பத்திரிகை வைக்கல."

வெளியே வந்ததும் அவள் தம்பியின் எண்ணைப் போட்டு போனை அவனிடம் நீட்டினாள். "நீங்களே பேசுங்க."

நெல்லையப்பன் தொண்டையைச் செருமிக்கொண்டான். எதிர்முனையிலும் யாரோ அதேபோல் செருமினார்கள். பிறகு, அச்சு அசலாக அவனுடைய குரலே அவனைக் கேட்டது:

"யாரு பேசுறது?"