பிரபு விழுந்த பிறகு

வானக்கப்பலின் கயிற்றை இரண்டு விரல்களால் பற்றித் தொங்கினான் வில்லன் கிரிம்ஷா பிரபு. கதாநாயகி அந்த விரல்களை மிதித்தாள். பிடி நழுவியது.

“கட்,” என்றார் இயக்குநர்.

கார்டிஃப் ஸ்டுடியோவின் மெத்தையில் மல்லாந்து கிடந்த நடிகர் டெஸ்மண்ட், காதைத் தீட்டிக்கொண்டார். விக்டோரியா காலத்தில் நடக்கும் அந்த மாயாஜாலத் தொலைக்காட்சித் தொடரில் அவருக்கு ஒரே வாரத்துக் கௌரவ வேடம். அடுத்த சீசனிலும் வாய்ப்புக் கிடைக்குமா என்பது இந்தக் காட்சியில்தான் இருந்தது.

சுற்றி நின்ற ஐம்பது பேரில் ஒருவரும் கை தட்டவில்லை. அவர் கண்கள் கலங்கின.

புதிதாகச் சேர்ந்த ஒப்பனைப் பெண் ஹேசல் ஓடி வந்தாள். “மனசை விட்றாதீங்க சார். நேத்து இன்ஸ்பெக்டரா வந்து செத்தவருக்குக் கூரை அதிரத் தட்டினாங்க. உங்களுக்குன்னா கை வரலை, கல்நெஞ்சுக்காரங்க.”

“அவரு மூட்டை கட்டிட்டாரும்மா,” என்று கண்ணைத் துடைத்தபடி சிரித்தார் டெஸ்மண்ட். “வேஷம் முடிஞ்சவங்களை வழியனுப்பத்தான் இங்கே கை தட்டுவாங்க.”