தட்டு விழுந்த நேரம்

"இன்னிக்காவது எதையும் கீழே போடாம இரு. உன் கையைக் காலா நினைச்சுக் கேட்கிறேன்."

திரை விலக இரண்டு நிமிடம் இருந்தது. கோட்டுப் பொத்தானைப் போட்டபடியே மேஜிக்காரர் சொன்னார். மனைவி "சரிங்க" என்று தலையாட்டினாள். இருபது வருடமாக மேடையில் அவருக்கு உதவியாளும் அவள்தான்.

முன்வரிசையில், நிகழ்ச்சி நடக்கும் ஓட்டலின் மேனேஜர் உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பிடித்துப்போனால் வருடம் முழுக்க இங்கேயே வாராவாரம் நிகழ்ச்சி. இல்லையென்றால் மறுபடி ஊர் ஊராகப் பெட்டி தூக்க வேண்டியதுதான்.

ஆறு மாதமாகவே இவள் சரியில்லை. எதையாவது போடுகிறாள், எதிலாவது இடித்துக்கொள்கிறாள். திட்டினால் சிரிக்கிறாள்.

முதல் பத்து நிமிடம் நன்றாகவே போனது. பிறகு நாணயத்தைக் கைக்குள் ஒளித்து, "எங்கே போச்சு?" என்று கையை உயர்த்தினார்.

டமால்!

அவள் கையிலிருந்த தட்டு விழுந்து மேடை ஓரம்வரை உருண்டது. கூட்டம் கொல்லென்று சிரித்தது.

சீட்டு வித்தையின்போது சபையே அதிரத் தும்மினாள். கயிறு வித்தையில் மேஜையை இடித்துப் பூச்சாடியைக் கவிழ்த்தாள்.

"அம்மணி இன்னும் தூங்கி எழுந்திரிக்கலை போல" என்று சொல்லி அவர் சமாளித்தார்.

நிகழ்ச்சி முடிந்ததும் மேனேஜர் அவரைத் தனியாக அழைத்துப் போனார்.

"உங்க கை சுத்தம் சார். இவ்வளவு பக்கத்துல உட்கார்ந்தும் ஒண்ணும் பிடிபடலை. ஆனா அந்தம்மா வேண்டாம். வேற ஆளைப் போட்டா அடுத்த வாரமே ஆரம்பிச்சிடலாம். உங்க போனுக்கு வீடியோ அனுப்பியிருக்கேன். அவங்க கூத்தை நீங்களே பாருங்க."

இருபது வருடம் கூடவே நின்றவளிடம் இதை எந்த வாயால் சொல்வது? யோசித்தபடியே ஒப்பனை அறைக்குள் நுழைந்தார். அவள் கைக்குட்டைகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

"இங்க வா. மேனேஜர் வீடியோ அனுப்பியிருக்கார். நீ பண்ணினதை நீயே பாரு."

வீடியோ என்றதும் அவள் முகம் வெளுத்தது.

"அதெல்லாம் எதுக்குங்க? தப்பு என்னுதுதான். போனைக் குடுங்க."

"ஏன்? பார்த்தாதானே புத்தி வரும்?"

பிடுங்க வந்தவளைத் தள்ளி நிறுத்திவிட்டு ஓடவிட்டார்.

தட்டு விழும் இடம் வந்தது. "நல்லா பாரு, எப்படி..." என்றவர் பேச்சை நிறுத்தினார். பின்னால் தள்ளி மறுபடி பார்த்தார். இத்தனை நாளும் அவளையே முறைத்துக்கொண்டிருந்தவர், இப்போதுதான் தன் கையைப் பார்க்கிறார்.

அந்த வலது கை வெடவெடவென்று நடுங்கியது. விரலிடுக்கில் நாணயம் பளிச்சென்று வெளியே தெரிந்தது. அதே நொடியில்தான் தட்டு விழுந்திருக்கிறது.

சீட்டு நழுவிய நொடியில்தான் தும்மல். கயிற்றின் முடிச்சு வெளியே தெரிந்த நொடியில்தான் பூச்சாடி.

கை அவ்வப்போது மரத்துப்போவது அவருக்குத் தெரியும். இவ்வளவு என்று தெரியாது. இதைப் படம் பிடித்த மேனேஜருக்கே தெரியவில்லை. அவர் கண்ணும் தட்டோடுதான் உருண்டு போயிருக்கிறது.

"எப்பலேருந்து?" என்று கேட்டார்.

"ஆறு மாசமா. டாக்டர்கிட்ட போகலாம்னு எத்தனை தடவை கூப்பிட்டேன்? சாக்கு சொல்லிட்டே இருந்தீங்க."

"இதை அப்பவே சொல்லியிருக்கலாமே? பாவி, எத்தனை திட்டு வாங்கினே!"

அவள் அவருடைய வலது கையைத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் பொத்திக்கொண்டாள்.

"என்னைப் பார்த்து ஊரே சிரிச்சிட்டுப் போகட்டுங்க. உங்க கையைப் பார்த்து ஒருத்தர்கூட 'ஐயோ பாவம்'னு சொல்லிடக் கூடாது."