மர்சன்னாவை ஆற்றில் விட்டு

எரிகிற வைக்கோல் பொம்மை ஒத்ரா ஆற்றில் விழுந்த சத்தம் கேட்டதுமே, யட்விகா புருஷனின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஆற்றுக்கு முதுகைக் காட்டினாள்.

இனி வீடு போய்ச் சேரும்வரை திரும்பிப் பார்க்கக் கூடாது.

ஊரே அப்படித்தான் திரும்பி நின்றது. பகலும் இரவும் சரிசமமாகிற இந்த நாளில் பனிக்காலக்காரி மர்சன்னாவுக்கு வெள்ளைத் துணி உடுத்தி, பாசிமணி போட்டு, கல்யாணப் பெண் மாதிரி ஊர்வலமாகக் கூட்டிவருவார்கள். அப்புறம் நெருப்பு வைத்து ஆற்றில் தள்ளிவிடுவார்கள். அவள் பனிக்காலம் மட்டுமா, சாவும் அவள்தானே. போகிறவளைத் திரும்பிப் பார்த்தாலும் சரி, வீட்டுக்குத் திரும்புகிற வழியில் தடுக்கி விழுந்தாலும் சரி, அந்த ஆளை வருஷம் முடிவதற்குள் தன்னோடு கூட்டிக்கொண்டு போய்விடுவாள்.

இதெல்லாம் அஞ்ஞானம் என்று பாதிரியார் பிரசங்கத்தில் திட்டுவார். அவரையே இங்கே கொண்டுவந்து நிறுத்தினாலும் தலையைத் திருப்பமாட்டார், பந்தயம் கட்டலாம்.

யட்விகாவுக்கு இன்று ஒரே கவலை. ஹூபெர்ட் தடுக்கிவிடக் கூடாது.

பனி உருகிப் பாதையெல்லாம் சேறு. மனுஷனோ மூன்று மாதத்தில் பாதியாகிவிட்டான். நடக்கும்போது பூட்ஸுக்குள் கால் ஆடுகிறது.

வயிற்றுப் புண்தான், ஆறிவிடும் என்று அவனிடம் சொல்லி வைத்திருந்தாள். பட்டணத்து டாக்டர் அவளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னது வேறு. கோதுமை அறுப்புவரை தாங்கினாலே பெரிசு என்றார். ஆறு வாரமாக வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு திரிகிறாள். தெரியாமலே இருந்துவிட்டால் மிச்ச நாளாவது சிரித்துக்கொண்டு இருப்பானே என்று நினைத்தாள். பாவம், வேறு என்னதான் செய்வாள்?

இப்போது சேற்றில் சறுக்கி விழுந்தால் போதும். அதையே நினைத்து நினைத்துப் பயந்து சாவான்.

"காலைப் பாத்து வைய்யா. குழி இருக்கு."

"கல்யாணத்தன்னிக்குக்கூட என் கைய நீ இப்படிப் புடிக்கலியேடி!"

முன்னால் பாடிக்கொண்டு போன பெண்கள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள். வசந்தத்தை ஊருக்குள் கூட்டிப்போகிற பச்சைக் கிளைக்கு ரிப்பன் கட்டித் தூக்கிக்கொண்டு போன ஊர்ஷுலா, "கிழவனுக்குக் கொழுப்பு மட்டும் கொறையல பாரு!" என்று தலையைத் திருப்பாமலே கத்தினாள். மறுபடி பாட்டு ஆரம்பித்தது.

பாதி வழியில் ஹூபெர்ட் நின்றான்.

மூச்சு வாங்குகிறான் போலிருக்கிறது என்று அவளும் நின்றாள். அவன் அவளுடைய விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத் தன் கையை விடுவித்துக்கொண்டான். அப்புறம் ஒரு அவசரமும் இல்லாமல், ஆற்றைப் பார்க்கத் திரும்பி நின்றான்.

"ஐயோ ஹூபெர்ட்! ஆத்தப் பாக்கறியா? என்ன காரியம் பண்றே!"

பாட்டு சட்டென்று நின்றது. ஊர்ஷுலா சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டாள். ஒருத்தரும் திரும்பவில்லை.

"பொறந்ததுலேர்ந்து இந்த மர்சன்னாவ ஆத்துக்கு அனுப்பிட்டிருக்கோம். போறப்ப எப்படிப் போறான்னு இந்த ஊர்ல ஒருத்தருக்கும் தெரியாது," என்றான் ஹூபெர்ட். "இந்த வருஷம் பாக்கறதுல எனக்கு ஒண்ணும் நஷ்டமில்லடி."

குரலில் வருத்தம்கூட இல்லை. சந்தையில் மாடு பார்க்கிறவன் மாதிரி நிதானமாகத்தான் சொன்னான்.

யட்விகாவுக்கு இப்போதுதான் புரிந்தது. அவனுக்குத் தெரிந்திருக்கிறது. எல்லாம் தெரிந்துகொண்டுதான், புண்ணுக்கு நல்லது என்று அவள் காய்ச்சிக் கொடுத்த அந்தக் கொழகொழ ஆளிவிதைக் கஞ்சியைத் தினமும் முகம் சுளிக்காமல் குடித்திருக்கிறான். அவளைத் தேற்றத்தான் குடித்திருக்கிறான்.

அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அங்கே அவனைத் தனியாக நிற்க விட அவளுக்கு மனசு வரவில்லை. வருவது வரட்டும் என்று அவளும் ஆற்றின் பக்கம் திரும்ப முயன்றாள்.

திரும்புவதற்குள் அவன் உள்ளங்கை அவள் கன்னத்தில் வந்து பதிந்தது. எலும்பும் தோலுமான கைதான். ஆனாலும் அசையவிடாமல் அவள் முகத்தை ஊர்ப் பக்கமாகவே பிடித்து வைத்திருந்தது.

"நீ பாக்காத. நீ இருக்கணும்," என்றான். "நான் பாத்துச் சொல்றேன், கேளு."