சீட்டு ஒட்டும் தண்டனை

"ஏலே, நாளையிலிருந்து நீ பஞ்சுப் பொதி பக்கமே வர வேண்டாம். பொம்பளைகளோட உக்காந்து சீட்டு ஒட்டு. மூணு மாசம்."

மேஸ்திரி காளிராஜ் இதை எல்லோர் முன்னிலையிலும் சொன்னார். பஞ்சுப் பொதியிலிருந்து கழற்றிய இரும்புப் பட்டையை நடைவழியில் போட்டான் என்பது தேவஇரக்கத்தின் மேல் குற்றம்.

நூல் சுற்றும் அட்டைக் கோனுக்குள் மில் பெயர் அச்சடித்த சீட்டை ஒட்டுவது பெண்கள் வேலை. எண்பத்தெட்டாம் வருஷம், ராஜபாளையத்து மில்லில் பத்து வருஷம் பொதி புரட்டிய ஆளுக்கு இது சின்ன அவமானமில்லை.

"நாளைக்கு வரும்போது பூ வச்சிட்டு வா" என்றான் கூடப் பொதி புரட்டும் ராபர்ட்.

மறுநாள் பக்கத்தில் உட்கார்ந்து சீட்டு ஒட்டிய வெள்ளத்தாய், "அண்ணே, பசையைத் தோசை மாதிரி ஊத்தாதிய" என்றாள்.

மேஸ்திரி அதோடும் விடவில்லை. அரை மணிக்கு ஒரு தரம் எழுந்து, கூடத்தின் மறுகோடிக்கு நடந்து வந்து, எத்தனை ஒட்டினான் என்று சொல்ல வேண்டுமாம். பத்து என்றாலும் நூறு என்றாலும் அவர் தலை நிமிர்வதில்லை. "சரி, போ" என்பார்.

வீட்டில் தேவஇரக்கம் குமுறினான். அவனுக்கு வேறொரு பயமும் இருந்தது. இடுப்பில் ஒரு முள்ளெலும்பு முன்பக்கம் நழுவியிருப்பதாக ஸ்ரீவில்லிபுத்தூர் டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்துச் சொல்லியிருந்தார். மில்லுக்குத் தெரிந்தால் வேலைக்கு லாயக்கில்லை என்று எழுதி வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அதனால் டாக்டர் கொடுத்த இடுப்பு பெல்ட்டைச் சட்டைக்குள் மறைத்துக் கட்டிக்கொண்டு, வலியை விழுங்கிப் பொதி தூக்கிக்கொண்டிருந்தான். மனைவி தங்கபாய் எவ்வளவோ சொல்லியும் கேட்கவில்லை.

"அந்த ஆளுக்கு எப்படியோ தெரிஞ்சுபோச்சு. என்னை விரட்டத்தான் இந்தப் பாடு படுத்துதான்."

"அவன் வெளங்குவானா? ஒருநாள் மில் வாசல்லயே வச்சு நாக்கைப் பிடுங்குற மாதிரி கேட்டுட்டு வாரேன்" என்று தங்கபாயும் சேர்ந்துகொண்டாள். திட்டியபடியே அவன் முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்துப் படுக்க வைத்தாள்.

மூன்று மாதம் முடிய இரண்டு நாள் இருந்தபோது, சொன்னபடியே போனாள். மேஸ்திரி தனியாக வரும்வரை காத்திருந்தாள்.

"அண்ணாச்சி, அன்னைக்கு நான் ரகசியமா வந்து கேட்டதுக்கு அவரைக் காப்பாத்திட்டிய. கால்ல இறங்குன வலி இப்ப இல்லை. அரை மணிக்கொரு நடைதான் குணம் குடுத்திருக்காம், டாக்டர் சொல்லுதாரு. ஆனா இன்னும் ஒரு மாசம் பாரம் தூக்கக் கூடாதாம்."

காளிராஜ் யாரும் வருகிறார்களா என்று திரும்பிப் பார்த்தார்.

"கவலைப்படாத தங்கச்சி. நாளைக்கு அவன் மேல வேற ஒரு குத்தம் கண்டுபிடிக்கேன்."